எலும்புக்கூட்டின் வாட்போர்

1958-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்க நாட்டில் வெளிவந்தது 'சிந்துபாத்தின் ஏழாவது யாத்திரை' என்னும் வண்ணப் படம். வாளும் மந்திரமும் கலந்த கதைப் படங்களுள் முன்வைத்து எண்ணப்படும் இதனை, அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இக்காலத்தில், கணிப்பொறியாற் புனைந்த காட்சிகளிலே பழகிய கண்ணோடு காண நேர்ந்தால் என்ன தோன்றும்? எம் விடுதி நண்பரிற் பலர், ஒற்றைக்கண் அரக்கன் வெளிப்பட்ட கணத்திலேயே நகைத்துவிட்டனர். அவன் நடை வெட்டி வெட்டிச் செல்வதே அந்நகைக்குக் காரணம். அது தகுமா என்று ஆராயப் புகுமுன், அந்நடை ஏன் அவ்வாறாயிற்று என்பதை அறிதல் வேண்டும்.

கதை சுருக்கமானது. பாக்தாது நகரத்துச் சிந்துபாத்து, சந்திரா என்னும் நாட்டின் இளவரசி பரிசாவை மணக்க இருக்கின்றான். சொக்கூரா என்னும் மாயவித்தைக்காரன், கொலோசா தீவில் தான் இழந்த மந்திர விளக்கை மீட்கும்பொருட்டு, அவளைக் கையளவினளாகச் சுருக்கிவிடுகின்றான். மாற்று மருந்துக்கு ரொக் என்னும் பெரும்பறவையின் முட்டையோடு வேண்டும். அஃது அத்தீவிலன்றி வேறெங்கும் இல்லை. இளவரசியின் தந்தையோ பாக்தாதின்மேற் போர் தொடுப்பேன் என்கின்றான். 'ஏழாவது' என்பது பெயரளவே. மனிதரை உண்ணும் அரக்கன் அரபுக் கதையில் மூன்றாம் யாத்திரைக்கு உரியவன். ரொக் முட்டையை மாலுமிகள் உடைத்து அப்பறவையின் சினத்துக்கு ஆளாவது ஐந்தாவதில் வருவது. விளக்கோ அலாவுதீனிடம் கடன் பெற்றது. ஆறாம் யாத்திரையில் அவன் செரந்தீபத்துக்கு, அஃதாவது இலங்கைக்கு, வருவதை மட்டும் தொடாது விட்டது எமக்குச் சிறிது மனக்குறையே.

இப்படத்தின் விலங்குகளையும் பூதங்களையும் இயக்கியவர் ரே ஹாரிஹௌஸன் என்பவர். 1920-இல் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரிற் பிறந்த இவர், 1933-இல் 'கிங் காங்' படத்தைக் கண்ட நாள்முதல் இவ்வித்தையையே தம் வாழ்வாகக் கொண்டார். உள்ளே மூட்டுக்கள் பொருந்திய உலோகச் சட்டகம், வெளியே ரப்பர்த் தோல்: இதுவே அவர் பொம்மையின் அமைப்பு. அதனை மயிரிழை அசைத்து ஒரு படம் எடுப்பர். மீண்டும் அசைத்து மற்றொன்று எடுப்பர். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுதலின், ஒரு நிமிடக் காட்சிக்கு 1,440 படங்கள் வேண்டும். ஒரு முறை கை தவறினும் முன்னைய உழைப்பெல்லாம் வீணாம்.

நடை வெட்டுவதன் காரணம் இங்கேதான் உளது. உயிருள்ள ஒருவன் கையை வீசுங்கால், காமிராவின் கண் திறந்திருக்கும் அச்சிறு பொழுதிலும் அக்கை நகர்கின்றது. ஆதலால் ஒவ்வொரு படத்திலும் அது சற்றே கலங்கிப் பதிகின்றது. அக்கலக்கமே நம் கண்ணுக்குத் தொடர்ச்சியாகத் தோன்றுவது. பொம்மையோ படம் எடுக்கும்போது அசையாது நிற்பது. ஒவ்வொரு படமும் மிகத் தெளிவாயிருத்தலே குறையாகிவிட்டது! இக்காலத்துக் கணிப்பொறிக் கலைஞர் அக்கலக்கத்தை வேண்டுமென்றே கணக்கிட்டுச் சேர்க்கின்றனர்.

பொம்மையும் மனிதனும் ஒரே இடத்தில் நிற்பதாகக் காட்டுவது அதனினும் அரிது. நடிகரை முன்னரே படம்பிடித்து, அப்படத்தைப் பொம்மைக்குப் பின்னுள்ள திரையில் ஒவ்வொன்றாக வீழ்த்துவர். பொம்மைக்கு முன்னால் வரவேண்டிய தரையையும் பாறையையும் கண்ணாடியிற் பூசிய கருமையால் மறைத்து ஒரு முறை எடுப்பர்; பின்னர்ப் பிலிமைத் திருப்பிச் சுற்றி, எடுத்த பகுதியை மறைத்து, விடுபட்ட பகுதியை மட்டும் பதிவர். இம்முறைக்கு 'டைனமேஷன்' என்று பெயரிட்டனர்.

மாயவித்தைக்காரனின் குகையில் சிந்துபாத்து எலும்புக்கூட்டோடு பொரும் காட்சி இம்முறையின் முடிமணி. நடிகர் கெர்வின் மாத்யூஸ் வாட்போர் ஆசான் ஒருவரோடு பலகாற் பழகி, பின்னர் ஆசானை விலக்கிவிட்டு வெறுங்காற்றோடு பொருதார். எதிரே வாள் இல்லை. ஆயினும் வீசிய வாள், தடுக்கப்பட்டதுபோல் நடுவழியில் நிற்கவேண்டும். வாளைச் சுழற்றிப் பார்த்தவர்க்கே இதன் அருமை விளங்கும். பின்பு ஹாரிஹௌஸன் அவ்வீச்சு ஒவ்வொன்றுக்கும் எதிர்வீச்சைப் பொம்மைக்கு அமைத்தார். பெர்னார்டு ஹெர்மன் அமைத்த இசையில் மரக்கட்டைகளைத் தட்டும் சைலபோன் ஒலி எலும்போடு எலும்பு மோதுவதுபோலவே கேட்கின்றது. பிரிட்டனில் முதன்முதல் திரையிட்டபோது, சிறுவர் அஞ்சுவர் என்று தணிக்கையாளர் இக்காட்சியையே வெட்டிவிட்டனர் என்றால் அதன் வலிமையை உணரலாம்.

இனி நகைப்பைப் பற்றி. எலும்புக்கூடு உயிருள்ளதுபோல் வழுவழுப்பாக நடக்குமாயின் அதிற் பொருத்தம் ஏது? எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட பள்ளத்தாக்கிலே உலர்ந்த எலும்புகள் தசையும் தோலும் ஆவியும் பெற்று எழுந்தன. இங்கே எழுவது அவை ஒன்றும் பெறாத எலும்பு. அது வெட்டி வெட்டி நடப்பதே அதன் இயல்பு. அரக்கனுக்கு ஆட்டுக்கால் அமைத்ததும் ஆராய்ந்து செய்ததே: உள்ளே ஓர் ஆள் நுழைந்து நடிக்கின்றான் என்று எவரும் ஐயுறலாகாது என்பது ஹாரிஹௌஸன் கருத்து. அவ்வரக்கன் ஒரு மாலுமியை நெருப்பின்மேற் சுழற்றி வாட்டிக்கொண்டே நாவால் உதட்டைத் தடவிக்கொள்ளும் இடத்தில், எம் நண்பரின் நகைப்பு அடங்கியது.

இப்படத்திலே காலத்தால் நரைத்தது மனிதர் பகுதியே என்பது எம் துணிபு. பாக்தாது மாந்தர் அமெரிக்கர்போலவே பேசிப் பழகுகின்றனர், தலைப்பாகையொன்றே வேற்றுமை. அரண்மனைக் காட்சிகளை ஸ்பெயின் தேசத்துக் கிரனாடாவில், முஸ்லிம் மன்னர் எடுப்பித்த அல்ஹாம்பிராவிலே பிடித்தனர். ஆதலின் அங்குள்ள கல்லுக்கு இருக்கும் உண்மை அதனிடையே உலவும் ஆடவர்க்கு இல்லை. சொக்கூராவாக வரும் டொரின் தாட்ச்சர் ஒருவரே விலக்கு. விளக்கினுள் அடைபட்டு, விடுதலை வேண்டி ஏங்கும் பூதச் சிறுவனிடம் இளவரசி இறங்கிச் சென்று உரையாடும் பகுதியும் நெஞ்சைத் தொடுவதே. அவ்விளக்கை நெருப்பாற்றில் எறிந்தாலன்றி அவனுக்கு வீடில்லை. எறிந்தாலோ மந்திர உதவி இல்லை. இளவரசி தயங்காது எறிகின்றாள். வாட்போரைப் புகழ்வோர் இதனை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

1993-இல் 'ஜுராசிக் பார்க்' வெளிவந்தபின் பொம்மையின் இடத்தைக் கணிப்பொறி பெரும்பாலும் பற்றிக்கொண்டது. 2008-இல் சிந்துபாத்துப் படத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிற் சேர்த்தனர். ஹாரிஹௌஸன் 2013-இல் மறைந்தார். இப்படத்தைக் கண்டு சுவைத்தோர், அவரது 1963-ஆம் ஆண்டுப் படமாகிய 'ஜேசனும் ஆர்கோ வீரரும்' என்பதையும் தேடிக் காண்க. அதில் ஏழு எலும்புக்கூடுகள் மூவரோடு பொருகின்றன. சில நிமிடமே ஓடும் அப்போருக்கு அவர் நான்கரை மாதம் உழைத்தார். அவ்வேழனுள் ஒன்று, சிந்துபாத்தோடு பொருத அதே பழைய எலும்புக்கூடுதான்.