டாஷ்போர்டுக்குள் பல்லிச் சத்தம்

சித்திரை வெயிலில் கார் ஏசி மக்கர் செய்தால், சேலத்தில் யார் வாயிலும் முதலில் வருவது ‘கேஸ் தீர்ந்துபோச்சு’ என்பதுதான். சூரமங்கலத்தில் ஜங்ஷனுக்குப் பக்கத்துச் சந்தில் இருபது வருடமாகக் கார் ஏசி வேலை பார்க்கிறேன். கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? எங்கேயாவது ஒழுகினால்தான் குறையும். ஒழுகல் எங்கே என்று பார்க்காமல் மறுபடி மறுபடி ஏற்றிவிடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

போன ஏப்ரலில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். வேறிடத்தில் இரண்டு முறை கேஸ் ஏற்றியும் காற்று வெதுவெதுவென்றுதான் வந்ததாம். “இன்னொன்னு தம்பி, சாவி போட்டாலே டாஷ்போர்டுக்குள்ள பல்லி கத்துது. மருந்து அடிச்சும் போகலை” என்றார்.

சாவியைப் போடச் சொல்லிக் காதை வைத்தேன். டக், டக், டக். பத்து விநாடி அடித்து நின்றது. “பல்லி இல்லைங்க டீச்சர். உள்ள ஒரு மோட்டாருக்குப் பல்லு போயிருக்கு” என்றேன்.

டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. புளோயர் தள்ளும் காற்று முதலில் கூலிங் காயிலைத் தாண்டும். அதற்கு அடுத்து ஹீட்டர் காயில். எஞ்சினைச் சுற்றிவரும் கூலன்ட், 90 டிகிரி சூட்டோடு அதற்குள்ளும் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே கதவு மாதிரி ஒரு தகடு. அதுதான் ஹீட்டர் ஃப்ளாப். குமிழை நீலப் பக்கம் திருப்பினால் ஹீட்டர் வழியை அடைக்கும், சிவப்புப் பக்கம் திருப்பினால் திறக்கும். பழைய கார்களிலும் விலை குறைந்த மாடல்களிலும் இதை ஒரு கேபிள் இழுக்கும். மற்றவற்றில் உள்ளங்கைக்குள் அடங்கும் மோட்டார். அதற்குள் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். ஒவ்வொரு பல்லும் எள்ளளவுதான். ஒன்றிரண்டு உடைந்தால் சக்கரம் வழுக்கி அதே இடத்தில் அடிக்கும். ஃப்ளாப் பாதியில் நின்றுவிடும். குளிர்ந்த காற்று பாதி, சுட்ட காற்று பாதி என்று கலந்து வந்தால் வெதுவெதுப்பாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்?

பானெட்டைத் திறந்து ஏசியின் தடித்த பைப்பை டீச்சரையே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சில்லென்று வியர்த்திருந்தது. அங்கே சில்லிப்பு இருந்து உள்ளே வராவிட்டால் கேஸைக் குறை சொல்லாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் மனதில் வையுங்கள். அளவுக்கு மேல் கேஸ் ஏறினாலும் குளிர் குறையும். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடுவது அதைவிடப் பாவம். நம் கார்களில் பெரும்பாலும் இருக்கிற ஆர்-134ஏ, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது.

குளோவ் பாக்ஸைக் கழற்றி, தலையை உள்ளே விட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டேன். மோட்டாரைப் பிடித்திருப்பது மூன்றே ஸ்க்ரூ. ஆனால் மூன்றாவது மறைவில் இருக்கும். விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அரைமணி நேரம் அதற்கே போனது. சில கார்களில் இது ஆக்சிலேட்டர் பக்கம் இருக்கும், சிலவற்றில் டாஷ்போர்டையே இறக்க வேண்டும். கூலி வித்தியாசப்படுவது அதனால்தான்.

பழையதைக் கழற்றியதும் அவசரப்பட்டுப் புதியதை மாட்டக் கூடாது. ஃப்ளாப்பின் அச்சை விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். டீச்சர் காரில் அது இறுக்கமாக இருந்தது. ஃப்ளாப்பில் ஒட்டியிருந்த ஃபோம் நம்மூர் வெயிலில் பொடிந்து, கோந்து மாதிரி ஓரத்தில் பிடித்திருந்தது. “காத்துல கருப்பா தூள் வந்துச்சுங்களா?” என்று கேட்டேன். போன வருடமே வந்ததாம். அந்த இறுக்கத்தோடு மல்லுக்கட்டித்தான் மோட்டாரின் பல் உடைந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மாட்டினால் புதுமோட்டாரும் அதே வழியில் போகும். மெல்ல மெல்ல அசைத்து, தடையில்லாமல் திரும்பும்வரை விடவில்லை.

புது மோட்டாரை அச்சின் வெட்டுக்குப் பொருத்தி, கப்ளரைச் செருகி, கழற்றி வைத்திருந்த பேட்டரி ஒயரை மாட்டினேன். சாவியைப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் எந்தக் குமிழையும் தொட வேண்டாம் என்றேன். இந்த மாதிரிக் கார்களில் கன்ட்ரோல் யூனிட், ஃப்ளாப்பை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஓட்டி எல்லையைப் படித்துக்கொள்ளும். நடுவில் கை வைத்தால் கணக்குத் தப்பிவிடும்.

நீலத்தில் வைத்ததும் சில்லென்று வந்தது. பிறகு சிவப்புக்குத் திருப்பச் சொன்னேன். சேலத்துக்கு ஹீட்டர் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டுப் பனிக்குள் கண்ணாடி மங்கும்போது தெரியும். ஏசியோடு சுடுகாற்றையும் கலந்து கண்ணாடியில் அடித்தால்தான் ஈரம் சீக்கிரம் விலகும்.

சுடுகாற்று முகத்தில் அடிக்க, டீச்சர் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “போன டிசம்பர்ல இதைத் தேடித்தான் தம்பி, எட்டாவது வளைவுல வண்டியை ஓரம் கட்டிட்டு நின்னோம்” என்றார்.