அயல்தளச் செய்தியும் உலாவியின் காவலும்



அப்புத்தளையில் ஒரு மாணவி தன் பாடசாலைக்கென இணையப் பக்கம் ஒன்றை அமைக்கிறாள் எனக் கொள்வோம். மூடுபனி சூழும் மலையூர் ஆதலின், அன்றன்றைய வானிலையை அப்பக்கத்திற் காட்ட விரும்புகிறாள். அத்தரவோ வேறொரு தளத்தில் உள்ளது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலே பிழையற நிரல் எழுதுகிறாள். ஆயினும் உலாவி, விடையைத் தர மறுக்கிறது. காரணம் யாது?

லயங்களுக்குத் தனி முகவரி இன்மையால், கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்து பங்கிடப்படும் வழக்கத்தை ஊவா மக்கள் நன்கறிவர். ஒருவர் கடிதம் மற்றொருவர் கைக்குப் போனால் விளையும் தீங்கையும் அறிவர். உலாவியும் அத்தகையதோர் அலுவலகமே. நம்மை வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் அடையாளம் காட்டும் குக்கிகள் அதனிடமே உள்ளன. யாரோ அமைத்த பக்கமொன்று, நம் பெயரால் வங்கித் தளத்தைக் கேட்டு, வரும் விடையைப் படித்துவிடுமாயின் நம் கதி என்னாவது?

இவ்வபாயத்தைத் தடுக்கவே, 1995இல் ஜாவாஸ்கிரிப்ட்டை வெளியிட்ட நெட்ஸ்கேப் நிறுவனம், அதனையடுத்து ‘ஒரே மூலக் கொள்கை’யையும் தன் உலாவியிற் புகுத்தியது. நெறிமுறை, தளப்பெயர், போர்ட் எண் ஆகிய மூன்றும் ஒத்திருந்தாலன்றி, ஒரு தளத்தின் விடையை மற்றொரு தளத்தின் நிரல் படித்தல் ஆகாது.

எனினும் எல்லாத் தரவும் இரகசியமன்று. வானிலை பொதுச் செய்தி. ஆகவே, விடையனுப்பும் சேவையகம் கடித உறையின் மேல் எழுதுவதுபோல், ‘இன்ன தளம் இதனைப் படிக்கலாம்’ என்று விடையின் தலைப்பிற் குறித்தால், உலாவி அதனைக் கொடுத்துவிடும். யாவருக்கும் பொதுவாயின் ஒரு நட்சத்திரக் குறியே போதும். தரவை அழித்தல் போன்ற கோரிக்கைகளுக்கோ, உலாவி முன்னதாகவே அனுமதி கேட்டறியும். ‘கோர்ஸ்’ எனப்படும் இம்முறை 2014இல் வலைத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது.

ஆதலின், அம்மாணவி தன் நிரலை எத்தனை முறை திருத்தினும் பயனில்லை. அனுமதி தரவேண்டியவர் தரவுக்கு உரியவரே. அவர் அனுமதி குறிக்கவில்லை, ஆனால் தரவைப் பயன்படுத்தத் தடையும் இல்லை எனின், பாடசாலையின் சேவையகமே அதனைப் பெற்றுத் தன் பக்கத்துக்கு வழங்கலாம். நம் குக்கிகள் அதனிடம் இல்லாமையால் அதற்கு இக்கட்டுப்பாடு இல்லை. உலாவியின் காவலையே நீக்கிவிடுவது மட்டும் தகாது. வானிலை அறியத் திறந்த கதவு, நம் வங்கிக் கணக்குக்கும் திறந்த கதவாகிவிடும்.