ஓசூர் எல்லைப்புற நிரலர்களும் விசைப்பலகைத் தேர்வும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நிரலாக்கம் என்னும் சொல் இருவேறு பணிகளைக் குறிக்கிறது. அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூருவின் எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் சென்று வரும் மென்பொருளாளரின் பணி ஒன்று. சிப்காட் தொழிற்பேட்டைகளையும் அவற்றைச் சூழ்ந்த சிறு பட்டறைகளையும் சார்ந்து, சி.என்.சி. லேத்துகளுக்கும் மில்லிங் இயந்திரங்களுக்கும் கட்டளை எழுதுவோரின் பணி மற்றொன்று. தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் அன்றாட வழக்கில் உள்ள நிலம் இது. எனவே, கைக்கு இதமான விசைப்பலகை எது என்னும் வினா இங்குப் பொருளின் தரத்தோடு முடிவதில்லை. எழுத்துகளின் இட அமைப்பையும் தொட்டே நிற்கிறது.

பொருளின் தரம் பற்றிச் சுருங்கக் கூறலாம். அடுத்தடுத்த விசைகளின் மையங்களுக்கு இடையே ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் இருத்தல் வழக்கமான அளவு. விசையை அழுத்தத் தேவைப்படும் வலிமை 0.5 முதல் 0.8 நியூட்டன் வரை இருப்பது விரும்பத்தக்கது என்பது ஐ.எஸ்.ஓ. 9241 தரவரிசையின் பரிந்துரை. செர்ரி நிறுவனத்தின் எம்.எக்ஸ். சிவப்பு வகை இதனினும் சற்று மெல்லியது, 0.45 நியூட்டன். (தமிழில் ‘விசை’ என்பதே வலிமையையும் பொத்தானையும் ஒருங்கே குறிப்பதால், இத்தகைய விளக்கங்களில் மயக்கம் நேர்வது இயல்பு.) பலகையின் பின்புறக் கால்களை உயர்த்தி வைப்பது மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்கும், அவற்றை மடக்கி வைப்பதே நன்று. வலப்பக்க எண்பலகை மவுசைத் தோளிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. எண்களை மிகுதியாக உள்ளிடுவோர் தனி எண்பலகை ஒன்றை இடப்பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

விலை உயர்ந்த பலகையை வாங்கிய பின்னரும் சுண்டுவிரல் வலி நீங்காத நிரலர் உண்டு. அதற்கான காரணத்தை இட அமைப்பில்தான் தேட வேண்டும். 1870களில் தட்டச்சுப்பொறிக்காக உருவான குவெர்ட்டி அமைப்பு ஆங்கில உரைநடையை எழுதப் பயன்பட்டது. நிரல்மொழிகளோ அரைப்புள்ளி, சதுர அடைப்பு, நெளிவு அடைப்பு, மேற்கோள் குறி, சாய்கோடு ஆகியவற்றை ஓயாது கேட்கின்றன. இவை பெரும்பாலும் வலக்கைச் சுண்டுவிரலின் எல்லைக்குள் அமைந்தவை. எண்டர், பேக்ஸ்பேஸ், வலப்புற ஷிப்ட் ஆகியனவும் அவ்விரலின் பொறுப்பே.

தமிழும் எழுத வேண்டியவருக்கு இச்சுமை எவ்வாறு மாறும் என்பது கருதத்தக்கது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 அமைப்பில் உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. தமிழ் எழுத்துகளுக்கு ஷிப்ட் தேவையில்லை. கிரந்த எழுத்துகளுக்கே அது தேவை. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவது தானே புள்ளி பெறும். ஆயினும் அரைப்புள்ளியின் இடத்தில் நகரமும், மேற்கோள் குறியின் இடத்தில் யகரமும், சாய்கோட்டின் இடத்தில் ழகரமும், சதுர அடைப்புகளின் இடங்களில் சகரமும் ஞகரமும் அமர்கின்றன. நிரலுக்குள் தமிழில் ஒரு குறிப்புரை எழுதிவிட்டு மொழியை மாற்ற மறந்தால், வரியின் இறுதியில் அரைப்புள்ளிக்கு மாறாக ‘ந’ தோன்றும். நிரலும் இயங்க மறுக்கும்.

நடுவண் அரசின் இன்ஸ்கிரிப்ட் அமைப்பு இப்பகுதிக்குப் பொருந்துவது போலத் தோன்றும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ககரம் ஒரே விசையில் உள்ளது. ஒன்றைப் பயின்றவர் மற்றவற்றை எளிதில் எழுதலாம். மும்மொழியிலும் எழுதுவோருக்கு இது பெரும் வசதி. ஆனால் தமிழுக்கு அது கேட்கும் விலை சிறிதன்று. ன, ண, ள, ற, ழ ஆகியவை ஷிப்ட் நிலையில் வைக்கப்பட்டுள்ளன. தமிழ்த் தொடரில் னகர ஈறு எத்துணை மிகுதி என்பதை விளக்க வேண்டியதில்லை. சொல்லின் முதலில் வரும் உயிருக்கும் ஷிப்ட் வேண்டும். நிரலால் முன்னரே களைத்த சுண்டுவிரலுக்கு இது கூடுதல் சுமை. ஆதலின், தமிழை மட்டும் எழுதும் நிரலருக்குத் தமிழ் 99 அமைப்பே ஏற்றது. மொழிமாற்றத்திற்கென, கட்டைவிரல் எட்டும் இடத்தில் ஒரு விசையை ஒதுக்கிக்கொண்டால் மேற்சொன்ன பிழையும் குறையும். மென்பொருளால் விசைகளை மறுவரையறை செய்ய இடந்தரும் பலகையைத் தேடுவது இதனாலேயே பயனுடையது.

இயந்திரக் கூடத்தின் நிலை வேறு. ஃபானுக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் பரவலாகக் காணப்படும் சிறிய பலகை குவெர்ட்டி வரிசையைப் பின்பற்றுவதில்லை. ஜி, எம், எக்ஸ், இசட் முதலிய கட்டளை எழுத்துகள் ஒருபுறமும் எண்கள் மறுபுறமும் கட்டங்களாக அமைந்திருக்கும். ஒரே விசையில் இரண்டு எழுத்துகள் இருக்கும். வரியின் முடிவுக்குத் தனி விசை உண்டு. எண்ணெய்க் கையுடன் நின்றவாறு ஒரு விரலால் அழுத்துபவருக்கு இவ்வமைப்பு தகும். நீண்ட நிரலை அதிலேயே எழுதுவதுதான் தோளுக்கும் கழுத்துக்கும் கேடு. மேசைக் கணினியில் எழுதி இயந்திரத்துக்கு அனுப்பும் வசதியுள்ள கூடங்களில், பலகத்தைத் திருத்தங்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம். அம்மேசையில் வைக்கும் பலகைக்கு, இரும்புத் துகள் விசைகளின் இடுக்கில் புகாதபடி துடைக்கத்தக்க சிலிகான் உறை ஒன்று போதும். உறை அழுத்தத்தைச் சற்றுக் கூட்டும் என்பதால், உள்ளிருக்கும் விசை மெல்லியதாக இருத்தல் வேண்டும்.