பரு மாதிரி இருக்கும், ஆனா பரு இல்லை... முகத்தை எரியவைக்கும் ‘ரோசேசியா’!

கன்னத்திலும் மூக்கிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள். வெயிலில் ஐந்து நிமிடம் நின்றாலே முகம் திகுதிகுவென எரிகிறது. மதியம் காரமாக எதையாவது சாப்பிட்டால் காது வரை சூடு ஏறுகிறது. ‘பருதானே, தானா போயிடும்’ என்று விட்டுவிடுகிறோம். 30 வயதைத் தாண்டிய பிறகு திடீரென ஏன் பரு வருகிறது என்று யோசிப்பதில்லை. அது பருவே இல்லாமல், ரோசேசியாவாக இருக்கலாம்.

இது முகத்தின் நடுப்பகுதியைப் பாதிக்கும் நாள்பட்ட தோல் அழற்சி. ரத்தக்குழாய்கள் சட்டென்று விரிவது, தோலின் எதிர்ப்பு சக்தி தேவைக்கு மேல் வேலை செய்வது, பரம்பரை என்று பல காரணங்கள் சேர்ந்து வருகிறது. எல்லோர் முகத்திலும் வாழும் ‘டெமோடெக்ஸ்’ என்ற நுண்ணிய பூச்சி, இவர்களிடம் கூடுதலாக இருப்பதும் உண்டு. மற்றவருக்குத் தொற்றாது. முகத்தைச் சரியாகக் கழுவாததால் வருவதும் இல்லை.

பருவிலிருந்து எப்படிப் பிரித்தறிவது? பரு என்றால் கரும்புள்ளிகள், வெண்புள்ளிகள் இருக்கும். ரோசேசியாவில் அவை இருக்காது. எரிச்சலும் சூடும்தான் முன்னால் நிற்கும்.

நம்ம தோலில் சிவப்பு தெரியாது

‘முகம் சிவந்து போகும்’ என்றுதான் இந்த நோயைப் பெரும்பாலும் விவரிக்கிறார்கள். அது வெள்ளைத் தோலுக்குச் சரி. மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் அதே சிவப்பு, பழுப்பாகவோ லேசான ஊதாவாகவோதான் தெரியும். ‘வெயில்ல கருத்துட்டே’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அதனால் கண்ணாடியை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீர் பட்டாலும் சோப்பு பட்டாலும் சுருக்கென்று குத்துகிறதா, தொட்டால் கன்னம் சுடுகிறதா என்று கவனியுங்கள்.

மெடிக்கல் ஷாப் க்ரீம் செய்யும் வேலை

சிக்கல் பெரிதாவது இங்கேதான். கடையில் கேட்டு ஒரு ட்யூப் வாங்குகிறோம். தடவிய இரண்டே நாளில் எரிச்சல் அடங்குகிறது, முகம் ‘பளிச்’ ஆகிறது. காரணம், அதிலிருக்கும் ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் என்று ட்யூபின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். தடவத் தடவத் தோல் மெலிகிறது, ரத்தக்குழாய்கள் வெளியே தெரிகின்றன, கன்னத்தில் ரோமம்கூட முளைக்கலாம். க்ரீமை நிறுத்தினால் எரிச்சல் முன்பைவிட மோசமாகத் திரும்பும். உடனே மறுபடியும் அதே ட்யூபைத் தேடுவோம். ரோசேசியா இல்லாதவருக்கும் இந்தப் பழக்கமே ரோசேசியா போன்ற முகத்தைத் தந்துவிடும்.

2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் சிவப்பழகு க்ரீம் என்ற பெயரில் அவை கைக்குக் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. மாதக்கணக்கில் தடவியவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் சிகிச்சை தவறிப் போகும்.

என்ன சிகிச்சை?

முழுசாக ஒழிக்கும் மருந்து இல்லை, ஆனால் நன்றாகவே கட்டுப்படுத்தலாம். மெட்ரோனிடசோல், அசெலாயிக் ஆசிட், ஐவர்மெக்டின் போன்ற பூச்சு மருந்துகளும், கொப்புளம் அதிகமானால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் மருத்துவர் தருவார். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஸ்டீராய்டு போல இரண்டு நாளில் மாயம் நடக்காது. விரிந்துபோன ரத்தக்குழாய்களுக்கு லேசர் உதவும்.

எது கிளப்பிவிடுகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். வெயில், சமையலறை அனல், காரம், மது, டென்ஷன், கடும் உடற்பயிற்சி எல்லாம் வழக்கமான சந்தேகப் பட்டியல். இரண்டு வாரம் போனில் குறித்துவைத்தால் உங்களுடையது பிடிபடும். காபியை உடனே விட்டுவிட வேண்டாம், ஆறவைத்துக் குடித்துப் பாருங்கள். பல பேருக்குச் சூடுதான் பிரச்சினை. துத்தநாக ஆக்சைடு உள்ள, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தினமும் வேண்டும். ஸ்க்ரப், எலுமிச்சைச் சாறு, பற்பசை வைத்தியம் எல்லாம் எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுகிற கதை.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. ரோசேசியா கண்ணையும் பிடிக்கும். மண் விழுந்தது போல உறுத்தல், சிவப்பு, அடிக்கடி கண்கட்டி வந்தால் ‘லேப்டாப் பார்த்ததால’ என்று ஒதுக்காதீர்கள். கவனிக்காவிட்டால் கருவிழி பாதிக்கப்படலாம். கண் மருத்துவரிடம் போகும்போது, முகத்தில் இருக்கும் எரிச்சலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.