கடைசி வகுப்பும் கல்குளம் தாலுகாவும்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்ற உலகப் புகழ்பெற்ற சிறுகதை ‘தி லாஸ்ட் லெசன்’. எழுதியவர் பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதே. 1870-71 போரில் பிரான்ஸ் தோற்று, அல்சாஸும் லொரெய்னின் ஒரு பகுதியும் ஜெர்மனியின் கைக்குப் போன பிறகு, 1873இல் வெளிவந்த தொகுப்பில் உள்ள கதை இது. இலக்கணம் படிக்காமல் பயந்துகொண்டே பள்ளிக்கு வருகிறான் ஃபிரான்ஸ் என்ற சிறுவன். நாளை முதல் ஜெர்மன் மட்டுமே கற்பிக்கப்படும் என்றும், ஆசிரியர் ஹாமெலுக்கு அதுவே கடைசி வகுப்பு என்றும் அங்கே அறிகிறான். இந்தக் கதையையும் நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் இலக்கணப் பாடம்போலவே நடத்துகிறோம். வரிக்கு வரி தமிழில் பொருள், கரும்பலகையில் அருஞ்சொற்கள், பத்தி வினாவுக்கு கைடு. ஃபிரான்ஸ் எதற்குப் பயந்தானோ அதையே அவன் கதையை வைத்துச் செய்கிறோம்.

சொல்லுக்குப் பொருள் தெரிந்தால் கதை புரிந்துவிடும் என்பது இந்த முறையின் நம்பிக்கை. அது பாதி உண்மைதான். 1979இல் ஸ்டெஃபன்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் ஆகிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியர்களும் அமெரிக்கர்களும் இரண்டு ஆங்கிலக் கடிதங்களைப் படித்தார்கள். ஒன்று இந்தியக் கல்யாணத்தைப் பற்றியது, மற்றது அமெரிக்கக் கல்யாணத்தைப் பற்றியது. இரு தரப்பாரும் தங்கள் வழக்கத்துக் கல்யாணக் கடிதத்தை விரைவாகப் படித்தார்கள், கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். மற்றதில் பொருளைத் திரித்துக்கொண்டார்கள். வாசகர் கொண்டுவரும் முன்னறிவும் வாசிப்பில் பாதி வேலையைச் செய்கிறது என்பதே இதன் சாரம். அப்படியானால், அல்சாஸ் கதைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து ஊரான மணவாளக்குறிச்சியின் பிள்ளைகள் கொண்டுவர என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் தமிழ்நாட்டில் இல்லை. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் கல்குளம் தாலுகாவில் இருந்தது. மலையாளம் கோலோச்சிய அந்த அரசிலிருந்து தமிழ்ப் பகுதிகளைப் பிரிக்கக் கோரி, நேசமணி முதலானோர் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பிறகுதான் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாயின. எல்லை மாறினால் பள்ளிக்கூடத்தில் மொழி என்னவாகும் என்பது இங்கே வீட்டுத் திண்ணையில் பேசப்பட்ட விஷயம். ஆசிரியர் பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

பழைய மொழிப் பகையைப் பிள்ளைகள் மனத்தில் கிளறலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கதையை முழுமையாக நடத்தினால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. தோதே சொல்லாமல் விட்ட ஓர் உண்மை உண்டு: அன்றைய அல்சாஸ் மக்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது பிரெஞ்சு அல்ல, ஜெர்மன் மொழியின் ஒரு வட்டார வழக்கு. பேசும் மொழி ஒன்று, பற்று வைத்த நாடு வேறு. தண்ணீரை வெள்ளம் என்றும், பலாவைச் சக்கை என்றும், மரவள்ளியை மரச்சீனி என்றும் மலையாளத்தோடு சொல்லைப் பகிர்ந்துகொண்டே தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது எளிதில் பிடிபடும். ஹாமெலும் குற்றமற்றவர் அல்லர். மீன் பிடிக்கப் போகத் தோன்றினால் பள்ளிக்கு விடுமுறை விட்டவர் அவர். அதைத் தானே ஒப்புக்கொள்கிறார். பிழை முழுவதும் பெர்லினுடையதா என்று விவாதிக்கும் வகுப்பில் பகை வளராது; அச்சில் வந்ததையும் கேள்வி கேட்கும் பழக்கம் வளரும்.

தேர்வுக்கு நேரம் போதாதே, தமிழில் பேசினால் ஆங்கிலம் எப்படி வரும் என்பவை மற்ற இரண்டு தடைகள். தமிழ் இப்போதும் வகுப்பில் இருக்கிறது, மொழிபெயர்ப்புக்கு மட்டும். அதைச் சிந்திக்கவும் விவாதிக்கவும் பயன்படுத்தி, கண்ட முடிவை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஆங்கிலத்துக்கு நட்டமில்லை. மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதே மொழி நன்றாகப் படியும் என்பதுதான், என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர்த் திட்டத்தின் அடிப்படைக் கருத்து. தேர்வைப் பொறுத்தவரை, மனப்பாடம் செய்த பத்தி ஒரு சொல் மறந்தாலும் நின்றுவிடும். ஃபிரான்ஸ் ஏன் வருந்தினான் என்று புரிந்துகொண்ட பிள்ளை சொந்த ஆங்கிலத்தில் நான்கு வரியாவது எழுதும். இதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் இரண்டு பீரியடுதான்.

ஆகவே, இந்தக் கதையை நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் நாள் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். 1956க்கு முன் வீட்டுப் பெரியவர்கள் பள்ளியில் எந்த மொழியில் படித்தார்கள் என்று பிள்ளைகள் கேட்டு வரட்டும்; அதை ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதட்டும். தோதே மறுநாள் வரட்டும்.