பூஜ்யமும் ஒரு விடைதான்

தங்கம் தேடி இறங்கும் தொழிலாளர்களின் கூண்டில் 1951-இல் ஓர் ஆராய்ச்சி மாணவரும் ஏறினார். தலையில் ஹெல்மெட், உடன் கெய்கர் எண்ணிகள். கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்கு வந்த அந்த மாணவர் பி.வி. ஸ்ரீகண்டன். நஞ்சன்கூட்டில் பிறந்து, முதுகலைப் பட்டம் பெற்று, 1948-இல் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தவர். சுரங்கத்துக்கு அனுப்பியவர் ஹோமி பாபா.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதி மியூவான் என்ற துகள்களை உண்டாக்குகின்றன. அவை பாறையைத் துளைத்து எவ்வளவு ஆழம் போகும்? அதை அளப்பதே மாணவருக்குத் தரப்பட்ட வேலை. ஒவ்வோர் ஆழத்திலும் கருவியை நிறுவ வேண்டும், நாள் கணக்கில் எண்ண வேண்டும். மேலே வந்தபின் கணக்குப் போட வேண்டும்.

ஆய்வரங்க மேடையில் ஒரு மாணவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதன்பின் கேள்விகள். கருவி சரியாக வேலை செய்ததா? எண்ணிக்கை குறைந்தது பாறையாலா, பழுதாலா? மேடையில் நின்று யோசித்தால் இவற்றுக்குப் பதில் வராது. சுரங்கத்தில் இருக்கும்போதே குறித்து வைத்திருக்க வேண்டும். ஸ்ரீகண்டன் அப்படித் திரட்டிய அளவீடுகளால் 1954-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் 1975 முதல் 1987 வரை அதே நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார்.

கடினமான கேள்வி அடுத்த பத்தாண்டில் வந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் மியாகே, இந்தியர்களான நரசிம்மம், ரமணமூர்த்தி ஆகியோர் 2,760 மீட்டர் ஆழம் வரை கருவியைக் கொண்டுபோனார்கள். அங்கே சுமார் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. பூஜ்யம். இதை எப்படி எடுத்துச் சொல்வது? அதே ஆய்வில் குறைந்த ஆழங்களில் எடுத்த எண்ணிக்கைகள்தான் அவர்களுக்குத் துணை நின்றன. ஆழம் கூடக்கூட எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்தது. அந்த வரிசையின் முடிவில்தான் பூஜ்யம் நின்றது. ஆகவே அது கருவியின் ஊமைத்தனமல்ல, பாறையின் விடை.

அந்தப் பூஜ்யம் புதிய கதவைத் திறந்தது. மியூவான் இரைச்சல் அடங்கிய இடத்தில், பூமியையே ஊடுருவக்கூடிய நியூட்ரினோவைத் தேடலாம். டாட்டா நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் மூன்றும் கைகோத்து சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவின. அதே வேளையில் தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரெடரிக் ரைன்ஸின் குழுவும் தேடிக்கொண்டிருந்தது. அவர்களின் கருவி முதல் தடயத்தை 1965 பிப்ரவரியிலேயே பதிவு செய்துவிட்டது. ஆனால் கோலார் குழுவின் கட்டுரை ஜூலை 12-இல் ஆய்விதழை எட்டியது, ரைன்ஸ் குழுவின் கட்டுரை ஜூலை 26-இல். கண்டதை எழுதிச் சேர்ப்பதில் இரண்டு வார முந்துதல். அந்தச் செப்டம்பரில் லண்டன் காஸ்மிக் கதிர் மாநாட்டில் இரு குழுக்களின் முடிவுகளும் அரங்கேறின.

இவற்றுக்கெல்லாம் தளமாக இருந்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பாறையைக் குடைந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வேலை இழந்தன. அவர்கள் வெட்டிய ஆழம் இல்லாமல் அந்த ஆய்வுகள் இல்லை. கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை.

கோலாருக்கு மாற்றாகத் தேனி மாவட்டத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. எதிர்ப்பும் வழக்குகளும் சூழ, மலை குடையப்படவில்லை. அந்தத் திட்டத்துக்காக 2008 முதல் பயிற்சி பெற்ற ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கையில் கிடைத்தது, மதுரையில் தரைமட்டத்தில் நிற்கும் 85 டன் மாதிரிக் கருவி. அதில் மியூவான் மழை ஓயாது. ஸ்ரீகண்டன் அன்று எண்ணிய அதே துகள். எண்ணுவதற்குப் பஞ்சமில்லை. பூஜ்யம் கேட்கும் ஆழம்தான் இல்லை.