லயத்துப் பெயர்களும் இணையப் பெயர்களும்

இணைய உரையாடல்களில் ஒருவர் தமக்கெனத் தேர்ந்துகொள்ளும் அடையாளப் பெயர், பெற்றோர் இட்டதாகவோ பிறப்புச் சான்றிதழில் உள்ளதாகவோ இருக்க வேண்டிய கட்டாயம் இல்லாமையால், அது அவரது விருப்பத்தையும் அச்சத்தையும் ஊர்ப்பற்றையும் ஒருசேர வெளிப்படுத்தும் சான்றாகிறது. மலையகம் எனப்படும் இலங்கையின் மத்திய மலைநாட்டில், ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் பிறந்த இளைஞர் பலர் சமூக வலைத்தளங்களில் பூண்டுள்ள பெயர்களை நோக்கினால், அவற்றில் தோட்டத்தின் பெயரோ, மலை, பனி, தேயிலை, குறிஞ்சி போன்ற நிலத்தின் சொற்களோ ஆளின் பெயருக்கு முன்னே வந்து நிற்பதைக் காணலாம். இவ்வழக்கம் கைப்பேசியோடு வந்ததன்று என்பதையும், பிறர் இட்ட பெயர்களாலும் எண்களாலும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் அறியப்பட்ட ஒரு மக்கள் தமக்குத் தாமே பெயரிட்டுக்கொள்ளத் தொடங்கியதன் தொடர்ச்சியே இது என்பதையும் அறிய, லயம் எனப்படும் தோட்ட வரிசை வீடுகளின் வாழ்க்கையில் பெயர் என்பது எவ்வாறு இயங்கியது என்று பார்க்க வேண்டும்.

தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து வந்த தொழிலாளரை ஆங்கிலேய நிர்வாகம் முதலில் எண்ணாகவே பதிந்துகொண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரத் துண்டு முறையின்படி, செல்லவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு தகர வில்லை ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டது. வழியில் இருந்த அதிகாரிகள் அந்த வில்லையைப் பார்த்தே ஆளை எத்தோட்டத்துக்கு அனுப்புவது என்று தீர்மானித்தனர். தோட்டத்தை அடைந்த பின்னர், அன்றாட வேலைப் பதிவேடான செக்ரோலில், எழுதுபவரின் காதில் விழுந்தவாறே பெயர் பதியப்பட்டது. இதன் விளைவாகக் கருப்பையா ஓரிடத்தில் கறுப்பையாவாகவும் வேறோரிடத்தில் கருப்பனாகவும் எழுதப்பட்டார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பின்னர், வதிவிடத்தையும் பரம்பரையையும் ஆவணங்களால் மெய்ப்பிக்க வேண்டிய நிலை வந்தபோது, ஓர் எழுத்தின் வேறுபாடும் ஒரு குடும்பத்துக்கு இடராக முடியக்கூடியதாயிற்று. பதிவுப் பெயர் வேறு, வீட்டில் அழைக்கும் பெயர் வேறு என்ற இருநிலை மலையகத்தில் இன்றளவும் பரவலாக இருப்பதற்கு, பதிவு என்பது எப்போதும் பிறர் கையில் இருந்ததும் ஒரு காரணமாகும்.

பதிவேட்டுக்கு வெளியே, லயங்களில், பட்டப்பெயர்கள் வேறொரு முறையில் பிறந்தன. ஒரே தோட்டத்தில் பல இராமசாமிகளும் பல மாரியாயிகளும் இருக்கும்போது, அவர்களைப் பிரித்தறிய நிறமோ உயரமோ நடையோ பேச்சோ முன்னோரின் தமிழகத்து ஊரோ பெயரோடு சேர்ந்துகொண்டது. காமன்கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளில் ஆண்டுதோறும் ஒரே வேடம் கட்டியவருக்கு அந்த வேடத்தின் பெயரே ஒட்டிக்கொள்வதும் உண்டு. கங்காணி, கணக்குப்பிள்ளை போன்ற பதவிப் பெயர்கள், பதவி போய் மூன்று தலைமுறைகள் கழிந்த பின்னரும் வீட்டின் பெயராக நிலைத்திருக்கின்றன. இவற்றுள் சில அன்பால் எழுந்தவை. சில உடற்குறையையோ சாதியையோ சுட்டிப் புண்படுத்தியவை. எவ்வகையாயினும், பட்டப்பெயரை அதைச் சுமப்பவர் தேர்ந்தெடுப்பதில்லை, ஊரே இடுகிறது. இணையப் பெயரை அதிலிருந்து பிரிக்கும் அடிப்படை வேறுபாடு இதுவே.

மக்களுக்குப் போலவே இடங்களுக்கும் இரட்டைப் பெயர்கள் வழங்கின. ஹட்டன் என்பதே ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பகுதியைச் சேர்ந்த ஒரு சிற்றூரின் பெயர். ஸ்ட்ராத்டன், டன்கெல்ட், ஹோலிரூட், பல்மோரல், கிளாஸ்கோ எனத் தோட்டங்களை ஆண்ட வெள்ளைத் துரைமார் தங்கள் தாய்நாட்டு நினைவுகளை மலைகளின் மீது எழுதிவைத்தனர். 1884இல் ரயில் பாதை ஹட்டனை எட்டியபோது, நிலையத்துப் பலகையிலும் தேயிலைப் பெட்டிகளிலும் அப்பெயர்களே ஏறின. ஆனால் மலையில் உழைத்தவர்கள் பல தோட்டங்களுக்குத் தமக்கு வாகான தமிழ்ப் பெயர்களை இட்டு வழங்கினர். அப்பெயர்கள் இல்லாமல் ஆளையோ சரக்கையோ உரிய இடத்துக்கு அனுப்ப இயலாத நிலை இருந்தமையால், பெர்குசன் நிறுவனம் வெளியிட்டுவந்த இலங்கைத் தகவல் ஏடு, தோட்டங்களின் உள்ளூர்ப் பெயர்களையும் அச்சிட வேண்டியதாயிற்று. உரிமைப் பத்திரத்தில் இடமில்லாத தொழிலாளர், பெயரிடுவதில் மட்டும் துரைமாருக்கு இணையாக நின்றனர் என்பது மலையக வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தியாகும்.

இந்த இடப்பெயர்களே பின்னர் எழுத்தாளர்களின் புனைபெயர்களுக்குள் புகுந்தன. 1960களில் வீரகேசரி நாளிதழில் எஸ். எம். கார்மேகத்தின் பொறுப்பில் வெளிவந்த தோட்ட மஞ்சரி பகுதியும், அதையொட்டி நடந்த சிறுகதைப் போட்டிகளும், அக்கதைகளைத் தாங்கி 1971இல் வெளிவந்த ‘கதைக்கனிகள்’ தொகுப்பும் ஒரு தலைமுறை எழுத்தாளரை உருவாக்கின. பதுளைப் பகுதியில் 1934இல் பிறந்த சந்தனசாமி ஜோசப், தாம் ஆசிரியராகப் பணியாற்றிய தோட்டத்தின் பெயரை முன்னிறுத்தித் தெளிவத்தை ஜோசப் ஆனார். 2013இல் விஷ்ணுபுரம் விருது அவருக்கு வழங்கப்பட்டபோது, அத்தோட்டத்தின் பெயர் அதை ஒருபோதும் கண்டிராத தமிழக வாசகரின் நாவிலும் புழங்கியது. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், நூரளை சண்முகநாதன் ஆகியோர் ஊரைத் தம் பெயரோடு பிணைத்துக்கொண்டனர். நல்லையா என்னும் ஆய்வாளர் மலைச்சாரலின் பெயரைச் சூடிச் சாரல்நாடன் என அறியப்பட்டார். நுவரெலியா மாவட்டத்திலிருந்து 2015இல் நாடாளுமன்றம் சென்ற கவிஞர் திலகர், ஹட்டனில் வாகனங்கள் பிரிந்து செல்லும் ஒரு சந்தியைத் தம் பெயராக்கி மல்லியப்புசந்தி திலகர் என வழங்கப்படுகிறார். அச்சிலும் இணையத்திலும் ஒரே பெயரால் இயங்கும் அவரிடத்தில், பழைய புனைபெயர் மரபும் புதிய இணையப் பெயர் மரபும் ஒன்றையொன்று சந்திக்கின்றன.

புனைபெயருக்குப் பாதுகாப்பு என்ற பயனும் இருந்தது. தோட்ட எல்லைக்குள் வெளியார் நுழைவது தடுக்கப்பட்டிருந்த காலத்தில், தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசய்யர் துணி வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் சென்று தொழிலாளரின் நிலையை அறிந்தார் என்பதை அவரது வரலாற்றை எழுதிய சாரல்நாடன் பதிந்துள்ளார். அதே நடேசய்யர் 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தொழிற்சங்கத்தை அமைத்து, தம் பெயரிலேயே வெளிப்படையாகப் போராடினார் என்றாலும், நிர்வாகத்தின் வீட்டிலேயே குடியிருந்து நிர்வாகத்திடமே கூலி பெற்ற ஒருவருக்கு அத்தகைய வெளிப்படைத்தன்மை எளிதாக வாய்க்கவில்லை. வேலையும் குடியிருப்பும் ஒரே கையில் இருக்கும் இடத்தில், உண்மையைச் சொல்ல முன்வருபவர் முதலில் தம் பெயரை மறைக்க வேண்டியிருந்தது.

முகவரியின் கதையும் இதனோடு இணைந்தது. லயத்து வீடுகளுக்குத் தனித்த வீட்டு இலக்கமோ தெருப் பெயரோ நெடுங்காலம் இல்லாமையால், ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், தபால் நிலையத்தின் பெயர் என்ற மூன்றே வரிகளில் முகவரி முடிந்தது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குச் சென்று, அங்கிருந்து பலர் கை மாறி வீட்டை அடைந்தது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும் வங்கிக் கடிதமும் நாள் கடந்து கிடைப்பதும் கிடைக்காமலே போவதும் மலையகத்தின் நீண்டகால முறைப்பாடுகளுள் ஒன்றாகும். இப்பின்னணியில், ஓர் இளைஞர் இணையத்தில் தமக்கென ஒரு பெயரைப் பெறுவது, நடுவில் எவருமின்றித் தம்மை நேரடியாக வந்தடையும் முகவரி ஒன்றைப் பெறுவதாகவும் அமைகிறது. அந்தப் பெயரில் அவர் தோட்டத்தையும் சேர்த்துக்கொள்வதில், தபால் உறையின் அந்த மூன்று வரி வழக்கம் புதிய வடிவில் தொடர்வதைக் காணலாம்.

இணையப் பெயருக்குத் தனிப்பட்ட கட்டுப்பாடுகளும் உண்டு. 1988இல் பின்லாந்தின் ஊலு நகரில் யார்க்கோ ஓய்க்கரினன் உருவாக்கிய உரையாடல் வலையின் தொடக்க விதிகள் ஒருவரின் பெயரை 9 எழுத்துகளுக்குள் அடக்கின. ஒரே பெயரை இருவர் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது என்ற விதியும் அதிலிருந்தது. அவ்விதி பின்வந்த தளங்களிலும் நிலைபெற்றதால், முந்தியவர் எடுத்துக்கொண்ட பெயரோடு பிறந்த ஆண்டையோ வேறோர் எண்ணையோ சேர்ப்பது வழக்கமாயிற்று. கணக்கின் பெயர் நெடுங்காலம் ரோம எழுத்துகளில் மட்டுமே அமைய முடிந்தமையால், தமிழ்ப் பெயர்கள் ழகரமும் ணகரமும் சிதைந்த நிலையில் இணையத்துக்குள் நுழைந்தன. முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற இரு கட்டங்களை நிரப்பக் கோரும் பேஸ்புக் போன்ற தளங்களில், தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னே இட்டெழுதும் தமிழர், தந்தையின் முழுப்பெயரையோ தோட்டத்தின் பெயரையோ இரண்டாம் கட்டத்தில் இட்டனர். தோட்டம் குடும்பப் பெயரின் இடத்தைப் பிடித்ததற்கு இப்படிவமும் ஒரு துணைக்காரணமாக இருந்திருக்கலாம்.

எனினும், தோட்டத்தின் பெயரை எல்லோரும் முன்வைப்பதில்லை. ‘தோட்டக்காட்டான்’ என்ற இழிசொல்லைப் பள்ளியிலும் நகரத்திலும் கேட்டு வளர்ந்தவர்கள், கொழும்பின் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்குச் சென்ற பின்னர், பிறந்த இடத்தை மறைக்கும் பெயர்களைப் பூண்டனர். அருகிலுள்ள நகரின் பெயரைச் சொல்லித் தோட்டத்தின் பெயரைத் தவிர்ப்பது இணையத்துக்கு முன்பே இருந்த தற்காப்பு ஆகும். பெண்கள் பலர் தம் பெயருக்கும் முகத்துக்கும் பதிலாகப் பூவின் பெயரையும் குழந்தையின் படத்தையும் வைப்பதில், தொல்லையிலிருந்தும் உறவினரின் கண்காணிப்பிலிருந்தும் காத்துக்கொள்ளும் நோக்கம் அடங்கியுள்ளது. இவர்களைப் போலிகள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. மறைக்கும் பெயரையும் பறைசாற்றும் பெயரையும் ஒரே இழிசொல்லே தோற்றுவித்திருக்கிறது: ஒரு சாரார் அதிலிருந்து விலகினர், மற்றொரு சாரார், குறிப்பாக மலையகத் தமிழரின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூரத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நிகழ்ந்த 2023ஐ ஒட்டிய காலத்தில், மலையகம் என்ற சொல்லையே தம் கணக்குகளின் முகப்பில் ஏற்றினர்.

இப்பெயர்களின் பின்னுள்ள கதைகளைத் தொகுப்பதற்கான காலம் குறுகியது. சங்கத் தொகை நூல்களைத் தொகுத்தோர், இயற்பெயர் தெரியாத புலவர்களுக்கு அவர்தம் பாட்டிலிருந்த தொடர்களையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் குறித்தனர். அப்பெயர்கள் அழகியவை என்றாலும், அவற்றுக்குப் பின்னிருந்த மனிதர் எவ்வூரார், எத்தொழிலர் என்பது மீட்க முடியாதவாறு போய்விட்டது. மலையகத்தின் பழைய சிற்றிதழ்களைத் திரட்டுவோரும் ஒரே ஒரு கதையோ கவிதையோ எழுதிவிட்டு மறைந்த புனைபெயர்களுக்குரியவர் யார் என்ற வினாவை எதிர்கொள்ள நேர்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து ஏடுகளை எண்ணிம வடிவில் காத்துவருவதால், அப்புனைபெயர்களை அறிந்த முதியோர் உள்ளபோதே அவர்களிடம் கேட்டு, இயற்பெயரையும் தோட்டத்தையும் அவ்வேடுகளின் விவரக் குறிப்புகளில் சேர்த்துவிட முடியும். இணையப் பெயர்களுக்கோ அந்த அளவு அவகாசமும் இல்லை. கடவுச்சொல் மறந்தாலோ, தளம் மூடப்பட்டாலோ, கணக்கு நீக்கப்பட்டாலோ, பத்தாண்டு எழுத்தும் அதன் பெயரும் ஒரே நாளில் அழிந்துவிடுகின்றன. ஹட்டன் பகுதிப் பாடசாலைகளின் உயர்தர வகுப்பு மாணவர்களிடம், அவரவர் குடும்பத்தில் வழங்கிய பதிவுப் பெயர், வீட்டுப் பெயர், பட்டப்பெயர், தோட்டத்தின் தமிழ்ப் பெயர் ஆகியவற்றோடு, உரியவரின் இசைவு பெற்று இணையப் பெயரையும் அதன் காரணத்தையும் ஒரே தாளில் எழுதித் தரும் பணியை ஒப்படைத்தால், ஒரு பருவத்துக்குள்ளேயே நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பெயர்கள் அவர்கள் கையாலேயே பதிவாகிவிடும்.